கிருமிக்கு மருந்து பழகிப்போகுமா?



தோட்ட டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டிரஸ்ஸர், ஒரே மருந்தைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கிருமிக்கு அது பழகிப் போயிடுமாமே? குடிகாரனுக்குச் சாராயம் பழகின மாதிரி?" இதை யாரும் வேடிக்கைக்காகக் கேட்பதில்லை. மனதில் ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். மருந்து பழகிப்போகும் என்றால், நடுவில் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு அப்புறம் தொடங்குவது நல்லதுதானே என்பது அந்தக் கணக்கு.

இந்தக் கணக்கு தப்பு. ஆளையே காவு வாங்கக்கூடிய தப்பு. ஏன் தப்பு என்பதை இந்த மாதம் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். உதாரணத்துக்குக் காசநோயை எடுத்துக்கொள்கிறேன். டீபி என்று நாம் சொல்வதும், நம் பாட்டிமார் எலும்புருக்கி என்று சொன்னதும், மலாய்க்காரர்கள் 'பாத்தோக் கெரிங்' என்று சொல்வதும் இந்த ஒரே நோயைத்தான்.

பழைய நோய், இன்னும் போகாத நோய்

டீபி ஒரு கிருமியால் வருகிறது என்று 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி பெர்லின் நகரத்தில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்றும் உலகக் காசநோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டில் 1961-இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தைக்குக் கையில் போடும் பிசிஜி ஊசி அந்தத் திட்டத்தோடு வந்ததுதான். அதற்குப் பிறகு நோய் வெகுவாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 25,000 பேருக்கு மேல் புதிதாகக் காசநோய் கண்டது.

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. ஜன்னல் சாத்திய வீட்டில், ஒரே அறையில் நாலைந்து பேர் படுக்கிற இடத்தில் அது சுலபமாக அடுத்தவர் நெஞ்சுக்குள் போய்விடும். லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும், இன்று தொழிலாளர் விடுதிகளில் நெருக்கியடித்துப் படுக்கும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் மருந்தும் முதல் ஏமாற்றமும்

1943-ஆம் ஆண்டு வரை டீபி கிருமியைக் கொல்லும் மருந்து என்று உலகத்தில் எதுவும் இல்லை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். அந்த ஆண்டில் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார்.

பிரிட்டனில் அதை முறைப்படி சோதித்தார்கள். கடுமையான நோயுள்ள 55 பேருக்கு ஊசி போட்டார்கள். மருந்து மிகக் குறைவாக இருந்ததால், அதே மாதிரி நோயுள்ள இன்னும் 52 பேருக்கு வெறும் படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள், ஊசி போடாதவர்களில் 14 பேர் இறந்தார்கள். 1948-இல் இந்த முடிவு வெளியானபோது டீபிக்கு முடிவு காலம் வந்துவிட்டது என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் ஐந்து ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது ஊசி போட்ட 55 பேரில் 32 பேர் போய்விட்டார்கள். ஊசி போடாத 52 பேரில் 35 பேர். பெரிய வித்தியாசம் இல்லை. நன்றாகத் தேறி வந்தவர்கள் மறுபடி படுத்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சளியில் இருந்த கிருமி, இப்போது ஸ்ட்ரெப்டோமைசினில் போட்டாலும் சாகவில்லை. அதே ஆள், அதே நெஞ்சு, அதே மருந்து. கிருமி மட்டும் மாறியிருந்தது. எப்படி மாறியது?

புல் சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள நாம் செம்பனைக் காட்டுக்குப் போவோம். முதுகில் பம்பு மாட்டிப் புல்லுக்கு மருந்தடிக்கிற நம் பெண்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். முதல் தடவை அடிக்கும்போது புல் எல்லாம் கருகிவிடும். அங்கே ஒன்று இங்கே ஒன்றாகச் சில மட்டும் பச்சையாக நிற்கும். அடுத்த தடவை அந்தச் சில புல்லின் விதை முளைத்து ஒரு திட்டாக நிற்கும். வருடக்கணக்கில் அதே மருந்தையே அடித்தால் கடைசியில் அந்த வரிசை முழுக்க அந்தப் புல்தான்.

இது கற்பனை இல்லை. மலாயில் 'ரும்புட் சம்பாவ்' என்கிற ஒரு புல் இருக்கிறது. பார்க்கக் கேழ்வரகுப் பயிர் மாதிரி இருக்கும், உண்மையில் கேழ்வரகுக்குச் சொந்தக்காரப் புல்தான். 1990-களின் பிற்பகுதியில் பேராக் மாநிலம் தெலுக் இந்தான் பகுதியில் இந்தப் புல் கிளைபோசேட் மருந்துக்குச் சாகாமல் நின்றது. ஆராய்ந்து பார்த்தபோது அதன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது தெரிந்தது.

இங்கே மருந்து புல்லுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாகாத புல் ஆயிரத்தில் ஒன்றாக, லட்சத்தில் ஒன்றாக முன்பே அங்கே இருந்தது. மற்றவற்றையெல்லாம் மருந்து கொன்று, அதற்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது. அவ்வளவுதான் நடந்தது.

கிருமியிலும் இதேதான் நடக்கிறது என்பதை 1952-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற கணவன் மனைவி நிரூபித்துக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய முக்கியமான சாமான் ஒரு துண்டு வெல்வெட் துணி. ஒரு தட்டில் கிருமிகளை வளரவிட்டார்கள். வெல்வெட் துணியை அதன் மேல் அமுக்கி எடுத்து, ரப்பர் ஸ்டாம்பு குத்துவதுபோல், மருந்து கலந்த இன்னொரு தட்டில் குத்தினார்கள். அந்தத் தட்டில் ஏறக்குறைய எல்லாம் செத்தன. ஓரிரு இடத்தில் மட்டும் கிருமி வளர்ந்தது. எந்த இடம் என்று பார்த்துக்கொண்டு, முதல் தட்டில் அதே இடத்திலிருந்து கிருமியை எடுத்தார்கள். முதல் தட்டில் மருந்தே இல்லை. அந்தக் கிருமி மருந்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படி எடுத்தெடுத்துச் சோதித்ததில், மருந்துக்குச் சாகாத கிருமி அங்கே முன்கூட்டியே இருந்தது தெளிவாகிவிட்டது.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில் இதுதான். கிருமிக்கு மருந்து பழகுவதில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே மருந்துக்கு மசியாமல் பிறக்கின்றன. மருந்தைச் சரியாகச் சாப்பிடாதவன் அந்த ஒன்றிரண்டுக்கு மேய்ப்பன் ஆகிறான்.

ஓர் எழுத்து மாறுவது என்றால் என்ன?

ஒவ்வோர் உயிருக்குள்ளும் அது எப்படி வாழ வேண்டும் என்று எழுதி வைத்த ஒரு புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் எழுத்து நாலே நாலுதான். அவற்றை ஏ, சி, ஜி, டி என்று சொல்கிறார்கள். டீபி கிருமியின் புத்தகத்தை முழுக்கப் படித்து முடித்தது 1998-இல். பாரிஸ் பாஸ்டர் கழகத்தின் ஸ்டூவர்ட் கோலும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த வேலை அது. மொத்தம் ஏறக்குறைய 44 லட்சம் எழுத்து, அதில் சுமார் 4,000 பாடம். ஒவ்வொரு பாடத்தையும்தான் மரபணு என்கிறோம்.

கிருமி ஒன்று இரண்டாகும்போது இந்தப் புத்தகம் முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து எழுதும் கிராணி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எப்போதாவது ஓர் எண் மாறிவிடும் அல்லவா? அதுபோல எப்போதாவது ஓர் எழுத்து பிசகிவிடுகிறது. இதைத்தான் மரபணுத் திடீர்மாற்றம் என்கிறார்கள். பெரும்பாலான பிசகுகளால் கிருமிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சில பிசகு கிருமியையே கொன்றுவிடும. மிகச் சில பிசகு அதை மருந்திலிருந்து காப்பாற்றிவிடும்.

இப்போது ரிஃபாம்பிசின் மருந்தைப் பார்ப்போம். டீபிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் இதுதான் தலையாயது. சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகுமே, அந்த மருந்துதான். கிருமிக்குள் புத்தகத்தைப் பார்த்து வேலைச் சீட்டு எழுதிக் கொடுக்கும் ஒரு யந்திரம் இருக்கிறது. அதையும் ஒரு கிராணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு வந்தால்தான் கிருமிக்குள் மற்ற வேலை நடக்கும். ரிஃபாம்பிசின் போய் அந்தக் கிராணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது. எழுத முடியாது, வேலை நின்றுவிடும், கிருமி சாகும்.

அந்த மணிக்கட்டு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் மரபணுவுக்கு ஆர்.பி.ஓ.பி. என்று பெயர். அதில் ஓர் இடத்தில் டி-சி-ஜி என்று மூன்று எழுத்து வருகிறது. நடுவில் உள்ள சி மாறி, டி-டி-ஜி என்று ஆகிவிட்டால் மணிக்கட்டின் உருவம் கொஞ்சம் மாறிவிடுகிறது. கிராணியால் எழுத முடியும், ஆனால் ரிஃபாம்பிசினுக்குப் பிடி கிடைக்காது, வழுக்கிவிடும். 44 லட்சம் எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் மாறியது. உலகம் முழுக்க ரிஃபாம்பிசினுக்குச் சாகாத டீபி கிருமியில் அதிகமாகக் காணப்படுவது இந்த ஒரு மாற்றம்தான்.

துப்பறிந்த கதை

இவ்வளவு பெரிய புத்தகத்தில் அந்த ஓர் எழுத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? போலீஸ்காரர் துப்பறிவது போலத்தான்.

முதல் துப்பு வேறு ஒரு கிருமியிடமிருந்து கிடைத்தது. நம் குடலில் வாழும் ஈ-கோலை என்ற கிருமி ரிஃபாம்பிசினுக்குச் சாகாமல் போனால் மாற்றம் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில்தான் இருக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆகவே டீபி கிருமியிலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து பார்த்தார்கள். 1993-இல் அமாலியோ டெலென்டி என்பவரின் குழு, பல நாட்டு நோயாளிகளிடமிருந்து எடுத்த 122 கிருமி மாதிரிகளை ஒப்பிட்டது. மருந்துக்குச் சாகாத 66 மாதிரிகளில் 64-இல் அந்த மரபணு மாறியிருந்தது. மருந்துக்குச் செத்த 56 மாதிரிகளில் ஒன்றில்கூட மாறவில்லை. மாற்றங்கள் எல்லாம் ஒரு சின்ன இடத்துக்குள்ளேயே கூடியிருந்தன. இன்று சோதனை செய்பவர்கள் பார்க்கும் இடம் 81 எழுத்து நீளம்.

ஐசோனியாசிட் என்ற மாத்திரையின் கதை இன்னும் வேடிக்கை. 1952 முதல் டீபிக்குப் பயன்படும் மருந்து அது. டப்பாவில் இருக்கும்போது அது பாதி மருந்துதான். கிருமிக்குள் போன பிறகு, கிருமியின் சொந்த நொதி ஒன்று அதை விஷமாக மாற்றுகிறது. கிருமி தன் கையாலேயே தனக்கு விஷம் கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொதிக்கான மரபணு கேட்-ஜி. அது கெட்டுப்போனால் விஷம் கலக்க ஆள் இல்லை, கிருமி பிழைத்துக்கொள்ளும். 1992-இல் லண்டன், பாரிஸ் விஞ்ஞானிகள் இதைக் கண்டார்கள். அதோடு நிற்கவில்லை. நல்ல கேட்-ஜி மரபணுவை எடுத்து, மருந்துக்குச் சாகாத கிருமிக்குள் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். அது மறுபடி மருந்துக்குச் செத்தது. குற்றவாளி இன்னார்தான் என்று அடித்துச் சொல்ல இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்தச் சாட்சி ஏன் தேவை? மருந்துக்குச் சாகாத கிருமியின் புத்தகத்தையும் சாதாரணக் கிருமியின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான எழுத்து வேறுபடும். இரண்டும் வேறு வேறு குடும்பத்தில் பிறந்த கிருமிகள் என்பதே அதில் பாதிக்கு மேல் காரணம். திருட்டு நடந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திருடர்கள் ஆகிவிட மாட்டார்கள். சும்மா கூட வந்த மாற்றம் எது, காரியம் செய்த மாற்றம் எது என்று பிரிக்க வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான மாதிரி வேண்டும். வேறு வேறு நாட்டில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கிருமிகளில், மருந்துக்குச் சாகாதபோதெல்லாம் அதே எழுத்து மாறியிருந்தால் அதன் மேல் சந்தேகம் பலப்படும்.

2018-இல் 16 நாடுகளிலிருந்து 10,209 மாதிரிகளைப் படித்து ஓர் ஆய்வு வெளியானது. 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் 38,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை வைத்து, எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து வேலை செய்யாது என்று ஒரு பட்டியலையே வெளியிட்டது. 2023-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு 52,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியும் யாரோ ஒரு நோயாளி கிண்ணத்தில் துப்பிக் கொடுத்த சளி. ஆகையால், "சளி துப்பச் சொல்றாங்களே, அசிங்கமா இருக்கு" என்று கூச்சப்படாதீர்கள்.

இதனால் நமக்கு என்ன லாபம்?

முன்பெல்லாம் கிருமி மருந்துக்குச் சாகுமா சாகாதா என்று பார்க்க, அதை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். குடல் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். டீபி கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கும். வளர்த்து, மருந்து வைத்து, முடிவு வர வாரக்கணக்கில், சில வேளை இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை நோயாளி வேலை செய்யாத மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு, வீட்டில் இருமிக்கொண்டு இருப்பார்.

எழுத்து எதுவென்று தெரிந்த பிறகு நிலைமை மாறியது. 2010-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற யந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்று சிபாரிசு செய்தது. சளியைக் குப்பியில் போட்டு யந்திரத்தில் வைத்தால், டீபி இருக்கிறதா, அந்த 81 எழுத்தில் மாற்றம் இருக்கிறதா என்று இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும்.

ஆனால் யந்திரம் எதைத் தேடச் சொல்கிறோமோ அதைத்தான் தேடும். ஆப்பிரிக்காவில் சுவாசிலாந்து என்று ஒரு சின்ன நாடு, 2018 முதல் அதன் பெயர் எஸ்வாத்தினி. 2009-இல் அங்கே எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். பல மருந்துக்கும் சாகாத டீபி கிருமிகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டில் மாற்றம் அந்த 81 எழுத்துக்கு வெளியே, அதே மரபணுவில் கொஞ்சம் தள்ளி இருந்தது. யந்திரத்தின் கண்ணுக்கு அது தெரியாது. 'ரிஃபாம்பிசின் வேலை செய்யும்' என்றே யந்திரம் சொல்லும். மருந்து கொடுப்பார்கள், நோய் குணமாகாது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் இருமலும் காய்ச்சலும் குறையவில்லை, எடை ஏறவில்லை என்றால், "மிஷின்ல நல்லாத்தானே வந்துச்சு" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கிளினிக்கில் டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் சளியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிப் பார்ப்பார்.

ஏன் நாலு மாத்திரை? ஏன் ஆறு மாதம்?

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். நெஞ்சில் டீபி அரித்த ஒரு குழிக்குள் 10 கோடி கிருமி இருப்பது சாதாரணம். ஐசோனியாசிட்டுக்குச் சாகாத கிருமி சுமார் 10 லட்சத்தில் ஒன்று. அப்படியானால் மருந்து தொடங்குமுன்பே அந்தக் குழிக்குள் அப்படிப்பட்டவை ஏறக்குறைய 100 இருக்கும். ரிஃபாம்பிசினுக்குச் சாகாதது சுமார் 10 கோடியில் ஒன்று. ஆக அதுவும் ஒன்று இருக்கும். ஆனால் இரண்டுக்குமே சாகாத கிருமி வேண்டுமென்றால் இரண்டு எண்ணையும் பெருக்க வேண்டும். 100 லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி ஓர் ஆள் நெஞ்சுக்குள் இருக்கவே முடியாது.

அதனால்தான் முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைட், எத்தாம்புட்டால் என்று நாலையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அப்புறம் நாலு மாதம் முதல் இரண்டை மட்டும் கொடுக்கிறார்கள். ஒன்றுக்குத் தப்பியதை மற்றது பிடித்துவிடும்.

இந்த வேலியில் நாம்தான் ஓட்டை போடுகிறோம். "அந்த மாத்திரை வயித்தைப் பிரட்டுது, அதை மட்டும் விட்டுட்டேன்" என்று சிலர் சொல்கிறார்கள். விட்டது ரிஃபாம்பிசின் என்றால், ஐசோனியாசிட்டுக்குச் சாகாத அந்த 100 கிருமிக்கும் கொண்டாட்டம். 100 பெருகி 10 கோடி ஆகும். அந்த 10 கோடியில் ரிஃபாம்பிசினுக்கும் சாகாதது ஒன்று பிறந்திருக்கும். இனி இரண்டு மருந்தும் போச்சு. சேர்த்துச் செய்த ஒரே மாத்திரையாக இருந்தாலும், விட்டு விட்டுச் சாப்பிட்டால் ஆபத்துதான். ஒரு மருந்து உடம்பில் சீக்கிரம் தீரும், இன்னொன்று மெதுவாகத் தீரும். நடுவில் ஒரே ஒரு மருந்து மட்டும் மிஞ்சி நிற்கும் நேரம் வந்துவிடும்.

நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, நாலு கிலோ எடை ஏறியது. காலையில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய வெட்டு போகும், சம்பளம் குறையும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று சில நாள் போனார், சில நாள் போகவில்லை, பிறகு முழுதாகவே விட்டுவிட்டார். அடுத்த வருடம் ரத்தம் கக்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை ரிஃபாம்பிசின் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அதற்கான சிகிச்சை ஒன்றரை வருடத்துக்கும் மேல். மாதக்கணக்கில் தினமும் ஊசி. உயிர் பிழைத்தார், ஆனால் அந்த ஊசியில் ஒரு காது கேட்காமல் போனது. அதைவிட வேதனை, அவர் மகளுக்கும் டீபி வந்தது. அந்தப் பெண் ஒருநாளும் டீபி மாத்திரை சாப்பிட்டவள் இல்லை. அப்படியிருந்தும் அவள் நெஞ்சில் இருந்ததும் மருந்துக்கு மசியாத அதே கிருமிதான். காற்றில் வந்த கிருமி தன் மாறிய எழுத்தையும் சேர்த்தே கொண்டு வந்துவிட்டது.

ஆகவே இப்படிப்பட்ட டீபி வந்தவர்களை, "மருந்து ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டான்" என்று ஏசாதீர்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள்.

இன்று நிலைமை முன்னைவிட நல்லது. 2022 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பெடாகுலின் முதலான மருந்துகளைச் சேர்த்து, ஊசியே இல்லாத ஆறு மாதச் சிகிச்சையைச் சிபாரிசு செய்கிறது. ஆனால் பெடாகுலினுக்குச் சாகாத மரபணு மாற்றங்களையும் விஞ்ஞானிகள் ஏற்கனவே கண்டுவிட்டார்கள். புது மருந்து கிடைக்கப் பல ஆண்டாகிறது. கிருமிக்கு ஓர் எழுத்து மாறினால் போதும்.

நாம் செய்ய வேண்டியது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு இருந்தால் உடனே சளிப் பரிசோதனைக்குப் போங்கள். கடையில் இருமல் தண்ணி வாங்கிக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள்.

மருந்து தொடங்கிவிட்டால் டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள். இருமல் நின்றால் கிருமி குறைந்திருக்கிறது என்று அர்த்தம், தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மஞ்சள் காமாலை, கடும் வாந்தி, கண் மங்கல், உடம்பு அரிப்பு என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே வந்து சொல்லுங்கள். மாத்திரையை மாற்றுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. நீங்களாகவே ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிடாதீர்கள்.

நர்ஸ் முன்னால் மாத்திரையை விழுங்கச் சொல்கிறார்களே, நம்மை நம்பவில்லையா என்று சிலருக்குக் கோபம். இந்த வழக்கத்துக்குச் சென்னையிலும் ஒரு வேர் இருக்கிறது. 1956-இல் அங்கே காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானட்டோரியத்தில் வைத்தும், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் 12 மாதம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்று 1959-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்துதான் டீபி நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வருடக்கணக்கில் பூட்டி வைக்கும் வழக்கம் உலகெங்கும் ஒழியத் தொடங்கியது. ஆனால் அந்த மையத்துக்காரர்கள் திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டிலேயே இருந்து குணமாகும் உரிமைக்கு, மருந்தை விடாமல் சாப்பிடுவதுதான் விலை.

மற்றக் கிருமிகளுக்கும் இதே நியாயம்தான். போன தடவை புண்ணுக்குக் கொடுத்து மிஞ்சிய காப்ஸ்யூலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள். சாதாரணத் தடுமனுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு அடம் பிடிக்காதீர்கள்.

மேட்டு, தண்டல், நிர்வாகத்தார் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. மருந்துக்குப் போகும் தொழிலாளியின் அரை நாளைப் பிடித்து மிச்சப்படுத்தினால், நாளைக்கு அந்த லயமே இருமும். சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு என்பது சட்டத்தில் இருக்கும் உரிமை. அதைக் கேட்கத் தயங்குகிற தோழர்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தோழர்களுக்கும் அவரவர் மொழியில் இதை எடுத்துச் சொல்லுங்கள். பயந்துகொண்டு நோயை மறைப்பவரின் இருமலும் நாம் எல்லாரும் மூச்சுவிடும் காற்றில்தான் கலக்கிறது.

விஞ்ஞானிகள் 44 லட்சம் எழுத்தைப் படித்து, கிருமி எங்கே மாறுகிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த மாறிய கிருமி பெருகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை நம் வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டாயிற்றா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.